பச்சைப் புள்ளி வாங்கிய வீடுகள்

ஐந்து வருடம் நான் அடுத்தவர் வீட்டுக் குப்பையைப் பற்றிப் பேசியே சம்பளம் வாங்கியிருக்கிறேன். வேலைக்குப் பெயர் பரப்புரையாளர். குப்பை வண்டியோடு கூடவே நடந்து, வாசலுக்கு வருகிறவர்களிடம் மட்கும் குப்பையைத் தனியாகவும் மட்காத குப்பையைத் தனியாகவும் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தை நான்கு தடவை சொன்னால் போதும். நானும் குடியிருக்கிற, குத்துக்கல்வலசைப் பக்கம் புதிதாக முளைத்த காலனியில் வீடு கட்டிக் குடியேறிய பெரியவர்களுக்கு ஐந்து வருடம் சொல்லியும் ஏறவில்லை.

அவர்கள் விவரம் இல்லாதவர்கள் என்றால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து முற்றலை ஒதுக்கத் தெரிந்தவர்கள். பக்கத்து மனைக்காரன் வேலிக்கல்லை ஒரு முழம் தள்ளி ஊன்றினால் அன்றைக்கே சர்வேயரைக் கூட்டி வருகிறவர்கள். ஆனால் பச்சை வாளி ஒன்றும் நீல வாளி ஒன்றும் கையில் கொடுத்தால் அவர்களுக்கு நிறம் தெரியாமல் போய்விடும். பச்சை வாளியில் அரிசி கொட்டி வைத்தார்கள். நீல வாளியில் தண்ணீர் பிடித்துக் கார் கழுவினார்கள். குப்பை மட்டும் என்றும்போல ஒரே கேரி பேக்கில், கழுத்து இறுக முடிச்சுப் போட்டு வரும். பிரிக்கவில்லையா என்று கேட்டால், பிரித்துத்தான் போட்டிருக்கிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். சிலர் அந்தச் சிரமம்கூடப் படுவதில்லை. "அதுக்குத்தான நீங்க வாரீய" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள்.

'நீங்க' என்று அவர்கள் சொன்னது உண்மையில் என்னை அல்ல, அக்காவை. எங்கள் வண்டியின் தூய்மைப் பணியாளர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பேட்டரி வண்டியை ஓட்டுவதும் அவர்தான், தெருமுனையில் நிறுத்தி முடிச்சுகளை அவிழ்த்து, குழந்தையின் டயாப்பர் ஒரு பக்கம், சால்னா பாக்கெட் ஒரு பக்கம், எண்ணெய்க் கவர் ஒரு பக்கம் என்று கையால் பிரிப்பதும் அவர்தான். கையுறை கொடுத்திருந்தார்கள். ஆனால் அதை மாட்டிக்கொண்டு நனைந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. அதனால் அது பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தொங்கும். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

இந்தக் காலனிக்குத்தான் செயற்கை நுண்ணறிவு வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி. குப்பை வண்டிக்குள் ஒரு தட்டும் அதற்கு மேலே ஒரு கேமராவும் பொருத்துவார்கள். ஒவ்வொரு வீட்டுக் கவரையும் வாளியையும் வாய் திறந்து தட்டில் வைத்ததும் கேமரா மேலிருந்து பார்த்து, அதில் என்னென்ன பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, சரியாகப் பிரித்த வீட்டுக்குப் பச்சைப் புள்ளியும் பிரிக்காத வீட்டுக்குச் சிவப்புப் புள்ளியும் போடும். இதைச் சொல்ல நலச்சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். சாதாரணமாக அந்தக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். அன்றைக்கு நாற்காலி போதவில்லை.

கம்பெனியின் பொறியாளர் முப்பது வயதுக்குள் இருப்பார். சாந்தமான பேச்சு, எல்லோருக்கும் 'ங்க' போட்டார். திரையில் ஒரு படம் காட்டினார். குப்பைக் குவியலில் கிடந்த தண்ணீர் பாட்டிலைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது. கட்டத்தின் மேல் 'பாட்டில்' என்று எழுத்து வந்தது. கூட்டம் கைதட்டியது. ஒரு பாட்டிலைப் பாட்டில் என்று சொன்னதற்கு. ஐந்து வருடமாக அதையேதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு கை தட்டியதில்லை.

பிறகு சங்கத் தலைவர் பேசினார். காவல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசலில் நான்கு கேமரா உண்டு, அதில் ஒன்று எதிர்வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்கள் இரண்டு வருடமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதன் சாரம், நம் சனத்துக்குப் புத்தி சொல்லிப் பிரயோசனமில்லை, கண்காணித்தால்தான் திருந்தும், இதை நான் முப்பது வருடம் முன்பே சொன்னேன் என்பது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் எழுந்து, அங்கேயெல்லாம் ஒரு காகிதத்தைக் கீழே போட முடியாது, எல்லாம் மிஷின்தான் என்று சொன்னார். அவர் வீடு கட்டிய மிச்சம், சிமென்ட் சாக்கும் பெயின்ட் வாளியுமாக, வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலை அப்போது அடைத்துக்கொண்டிருந்தது. மிஷின் இல்லாத ஊர்தானே.

கடைசியில் எல்லோருடைய செல்போனுக்கும் ஒரு படிவம் வந்தது. கழிவு மேலாண்மையில் செயற்கை நுண்ணறிவை ஏற்கத் தயாரா என்பது கேள்வி. முழுமையாகத் தயார், ஓரளவு தயார், தயாரில்லை என்று மூன்று பதில். என் கண்ணுக்கு எட்டிய வரையில் முதல் பதிலைத் தவிர வேறெதையும் யாரும் தொடவில்லை. அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரும் அடுத்த வீட்டை நினைத்துக்கொண்டுதான் விரலை வைத்தார்கள்.

அக்காவைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கூட்டம் முடிந்ததும் பெருக்குவதற்காக வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அது கையப் போட்டுப் பிரிக்குமா?"

பிரிக்காது, பார்த்துச் சொல்லும் அவ்வளவுதான் என்றேன்.

"பாத்துச் சொல்லுததுக்குத்தான் நீங்க இருக்கீயளே" என்றார் அக்கா. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை.

முதல் மாதம் மிஷினுக்குப் பாடம் நடந்தது. பரோட்டா பார்சலைப் பிரித்துப் போட்ட வாழையிலையைச் சரியாகச் சொல்லும், அதற்குள் கிடக்கும் சால்னா பாக்கெட்டைச் சாப்பாடு என்று சொல்லும். பொறியாளர் ஒவ்வொரு கவரையும் காட்டி இது என்ன என்று அக்காவிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார். அக்காவுக்குப் பெயர்கள் தெரியாது, விரல்களுக்குத் தெரியும். கசக்கினால் மொறுமொறுவென்று சத்தம் வருகிறது ஒரு ரகம், சத்தமில்லாமல் இழுபடுகிறது ஒரு ரகம், உள்ளே வெள்ளி பூசியிருந்தால் பழைய பொருள் கடைக்காரர் தொடமாட்டார். இருபது வருடம் அழுக்கில் கையை விட்டுக் கற்றதை அவர் ஒரு மாதத்தில் அந்த மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்தார். பொறியாளர் அவரை 'அம்மா' என்றார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலனியில் நடமாடியவர்களில் எனக்கு அப்போது இளக்காரம் தோன்றாத ஒரே ஆள் அவர்தான்.

இரண்டாம் மாதம் புள்ளிகள் வர ஆரம்பித்தன. காலனியின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் மதியம் பட்டியல் விழும். வீட்டு எண்ணும் புள்ளியும் மட்டும் இருக்கும். எதனால் சிவப்பு என்ற விவரம் அந்தந்த வீட்டுக்குத் தனியாகப் போகும். முதல் வாரத்தில் காலனியே ரத்தச் சிவப்பாக இருந்தது. சங்கத் தலைவர் வீட்டுக்குத் தொடர்ந்து மூன்று நாள் சிவப்பு.

நான்காம் நாள் காலையில் அவர் வண்டியை வழிமறித்து நின்றார். விஷயம் என்னவென்றால், வீட்டு வரி ரசீதில் இருக்கும் செல்போன் எண்ணுக்குத்தான் விவரம் போகும், அவர் வீட்டு ரசீதில் இருந்தது மனைவியின் எண். எல்லாம் அந்த அம்மாளுக்குப் போயிருக்கிறது. மதுபாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், படத்தோடு. கணவர் குடியை விட்டு ஆறு வருடமாயிற்று என்று அந்த அம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"எம்மா, மொட்டமாடில நாலு பேரு உக்காந்து பேசுனா அது எங்க வீட்டு விசயம். அத ஒரு மிசின் போட்டா புடிச்சு வீட்டுப் பொம்பளைக்கு அனுப்பும்னா, இது என்ன நாயம்?"

கேமரா வேண்டும் என்று நீங்கள்தானே சார் மேடையில் சொன்னீர்கள் என்றேன்.

"அது பொதுமக்களுக்குச் சொன்னது" என்றார் அவர். சிரிக்காமல்தான் சொன்னார்.

அன்றைக்கு மாலையே சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. குடும்பத்தின் அந்தரங்கம், பெண்களின் பாதுகாப்பு என்று என்னென்னவோ வார்த்தைகள் அதில் இருந்தன. எதிர்வீட்டு ஜன்னல் அந்தத் தீர்மானத்தில் வரவில்லை. ஆனால் தீர்மானத்துக்கு வேலை இருக்கவில்லை. இரண்டு நாளில் தலைவர் வீட்டுக்குப் பச்சை விழுந்தது. அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டுக்கு. அந்த வாரத்துக்குள் தெருவே பச்சையானது.

எப்படி என்று நான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, வண்டியிலேயே தெரிந்தது. கேமரா மேலே இருந்துதான் பார்க்கும், அதுவும் சில நொடிதான் பார்க்கும். கவருக்குள் எல்லாக் குப்பையும் வழக்கம்போல. அதன் தலையில் மட்டும் ஒரு தினத்தாள், அதன்மேல் கழுவிக் காயவைத்த இரண்டு பால் பாக்கெட். தட்டில் நேராக வைத்தால் கேமராவுக்குத் தாளும் பால் பாக்கெட்டும்தான் தெரியும், பச்சை விழும். இதைத் தலைவர் வீட்டில் கண்டுபிடித்தார்களா, வேறு யாருமா, தெரியவில்லை. மதில்சுவருக்கு மேல் வாய் வழியாகப் பரவியது. ஐந்து வருடம் நான் சொன்னது நுழையாத காதில் இது ஒரே வாரத்தில் நுழைந்தது. பால் பாக்கெட்டைக் கழுவ நேரமில்லை என்று என்னிடம் சண்டை போட்ட பெண்கள் இப்போது அதைக் கொடியில் காயப்போட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் வைத்துக்கொள்ள, கேமரா பார்த்து முடித்ததும் அந்த இரண்டு பாக்கெட்டை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அக்காவுக்குத்தான் கஷ்டம் கூடியது. முன்பு முடிச்சை அவிழ்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். இப்போது தாளை எடுத்து, நனைந்து ஒட்டிப்போன அந்தத் தாளையும் பிய்த்து, பிறகு பிரிக்க வேண்டும். "ரெண்டு வேலையா ஆக்கிட்டாவ டீச்சர்" என்று சொன்னார். பொறியாளரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றார். நான் சொல்லவில்லை. பச்சைப் புள்ளிகளின் கணக்கு நாளுக்கு நாள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் எனக்குப் பாராட்டு கிடைத்திருந்தது. ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். கைதட்டலைப் பற்றி நான் முன்னால் எழுதியதையெல்லாம் வைத்துக்கொண்டு, அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் சிவப்பு மாறவில்லை. காலனிக் கடைசியில் வாடகைக்கு இருந்த தையல்காரப் பெண்ணின் வீடு. நான் வேலைக்கு வந்த முதல் மாதத்திலிருந்து இரண்டு வாளியில் ஒழுங்காகப் பிரித்துத் தருகிற ஒரே வீடு அது. வெட்டுத் துணிகளை உலர்ந்த குப்பையில் போடுவாள். அதுதான் சரி. மிஷின் அந்தப் பச்சையும் மஞ்சளுமான துணித்துண்டுகளைக் காய்கறித் தோல் என்று எடுத்துக்கொண்டு, கலப்படம் என்று தினமும் சிவப்புப் போட்டது. அவளிடம் இருந்தது பட்டன் போன். அவள் குழுவில் இல்லை. சிவப்பு விழுவதே அவளுக்குத் தெரியாது. குழுவில் அந்த வீட்டு எண்ணைப் போட்டு, ஒரு வீட்டால் காலனிக்கே கெட்ட பெயர் என்று எழுதினார்கள்.

அப்போதுதான் சாரல் ஆரம்பித்தது. சாரல் ஆரம்பித்தால் எங்கள் வீட்டுக்கு மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்துவிடும். காலையில் குற்றாலத்தில் குளியல், மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி குளியல். வீடு முழுக்க ஈரத் துண்டும் சிப்ஸ் கவரும். நான் விடியற்காலையில் எழுந்து ஏழு பேருக்குச் சமைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் ஒரே கவரில் திணித்து முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தேன். ஆம், நான்தான். மதியம் பட்டியலில் என் வீட்டு எண்ணுக்கு நேரே சிவப்பு விழுந்தது. சங்கத் தலைவர் அதன் கீழே இரண்டு கை கூப்பும் படம் மட்டும் போட்டார். ஒரு வார்த்தை எழுதவில்லை. அதன் கீழே இன்னும் பதினைந்து பேர் கை கூப்பினார்கள். அலுவலகத்தில் என் மேலதிகாரி, நீங்களே இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்.

மறுநாள் காலை என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடம் குனிந்து பிரித்திருக்க வேண்டும். நான் தினத்தாளைத் தேடினேன். குளியலறையில் யாரோ இருந்தார்கள், அடுப்பில் பால் பொங்கியது, மேஜைமேல் கிடந்ததையெல்லாம் அப்படியே கவருக்குள் வழித்தேன். மேலே தாளை விரித்து, இரண்டு பால் பாக்கெட்டைக் கழுவி வைத்தேன். பார்த்துப் பார்த்து, ஓரம் தெரியாமல் வைத்தேன். என் வாசலில் அக்கா அதைத் தட்டில் வைத்தபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் பச்சை விழுந்தது.

தெருமுனையில் வண்டியை நிறுத்தி அக்கா பிரிக்க ஆரம்பித்தார். நான் முனை வீட்டு வாசலில் ஒரு பெண்ணிடம், டயாப்பரைத் தாளில் சுற்றிச் சிவப்புக் குறி போட்டுத் தர வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் அக்கா வாய்க்குள் காற்றை இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அவர் இடது கை நடுவிரலை வலது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். தாள் ஒன்று கிழிந்து கிடந்தது. அதன் கீழே மூடி இல்லாத ஊசி.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறார். போட்ட ஊசியை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து, மாதம் ஒருமுறை தனியாக அக்கா கையில் கொடுப்பது என் வழக்கம். அன்றைக்கு நாத்தனார் பிள்ளைகள் மேஜையில் விளையாடியதில் பாட்டில் எங்கோ போயிருக்கிறது, அவர் ஊசியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நான் வழித்திருக்கிறேன்.

"இது எந்த வீட்டுது?" என்று அக்கா கேட்டார். என்னைக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார். ஏழெட்டு வீட்டுக் கவர் அங்கே கிடந்தது. நான் சொல்லாவிட்டால் தெரியப்போவதில்லை. எவ்வளவு நேரம் சும்மா நின்றேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை. அதிக நேரமில்லை. ஆனால் நின்றேன்.

"எங்க வீட்டுதுக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். என் ஸ்கூட்டியில் ஏற்றித் தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். யாருடைய ஊசி என்று தெரியுமா என்று டாக்டர் கேட்டார். தெரியும் என்றதும், அது நல்லது, அவரையும் வரச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். என் வீட்டுக்காரருக்கு போன் செய்து வரச் சொன்னேன். அக்காவுக்குத் தடுப்பூசி போட்டார்கள். மறுபடி எப்போதெல்லாம் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கேட்டார்.

"ஊசிய எப்பவும் பாட்டில்ல போட்டுத்தான தருவீய. இன்னைக்கு என்னாச்சு?"

வீட்டில் விருந்தாளிகள், அவசரம், என்றெல்லாம் சொன்னேன்.

"சரி. மேல பேப்பர விரிச்சது?"

அவர் சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"யார் யார் வீட்டுல விரிக்காவன்னு எனக்குத் தெரியும். ஒங்க வீட்ட நான் நெனைக்கல" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் இருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனாலும் மாதக் கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை அக்கா வீட்டில் தனித் தட்டில் சாப்பிட்டார் என்று அவர் மகள் பின்னால் என்னிடம் சொன்னாள். அதெல்லாம் தேவையில்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லையாம்.

அன்று மாலையே பொறியாளருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பச்சையெல்லாம் பொய், என்னுடையது உட்பட, என்றேன். மறுநாள் காலை அவர் நேரில் வந்தார். தடித்த கையுறை மாட்டிக்கொண்டு பச்சை விழுந்த ஐந்து கவரை அவரே அவிழ்த்தார். மூன்றாவது கவரில் முகம் சுளித்தார். ஐந்தாவதில் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். கேமராவைக் கீழே, பிரிக்கிற இடத்தில் வைத்திருக்க வேண்டும், அடுத்த மாடலில் பார்க்கலாம் என்றார்.

அறிக்கையில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன்.

"மக்கள் மெஷினுக்கு ஏத்த மாதிரி நடத்தையை மாத்திக்கிட்டாங்க, அதை எழுதித்தான ஆகணுங்க மேடம்" என்றார்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நடத்தையை மாற்றிக்கொண்டார்கள்தான். அந்தக் கணத்தில் அவரும் என் கண்ணில் மற்றவர்களோடு போய்ச் சேர்ந்தார். சாந்தமாகப் பேசுகிறவர்களிடம் நான் ஏமாறுவது அதோடு நின்றது.

காலனியில் சோதனை முடிந்தது என்று வண்டியைச் சீசன் வேலைக்குக் குற்றாலத்துக்கு மாற்றினார்கள். என்னையும் கூடவே அனுப்பினார்கள். அக்கா விடுப்பில் இருந்ததால் ஓட்டுவதற்கு வேறொரு வண்டிக்காரர் வந்தார். அருவிக்குப் போகிற பாதையில் வண்டியை நிறுத்தினோம். ஷாம்பு பாக்கெட், எண்ணெய் பாக்கெட், பிரியாணிப் பொட்டலம், யாரோ கழற்றிப் போட்ட ஈர ஜட்டி, எல்லாம் தட்டில் வந்து விழுந்தன. புள்ளி போடுவதற்கு வீட்டு எண் இல்லை. மிஷின் எல்லாவற்றுக்கும் நேரே 'யாருடையது என்று தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டது. சாரலில் கேமராவின் கண்ணாடி மங்கிப்போய், ஈரத் துண்டையெல்லாம் பிளாஸ்டிக் என்றது. குளித்துவிட்டு வந்தவர்கள் வண்டியில் எழுதியிருந்ததைப் படித்து, ஏஐ குப்பை வண்டியாம் என்று பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்து முடித்ததும் கையிலிருந்த கவரை வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தார்கள். தட்டு இரண்டடி தூரத்தில் இருந்தது. நான்காம் நாள் கேமராவில் தண்ணீர் இறங்காமலிருக்க வண்டிக்காரர் ஒரு கேரி பேக்கை எடுத்து அதன் தலையில் கட்டினார். அந்தச் சீசன் முழுக்க அது அப்படியே இருந்தது. கம்பெனியிலிருந்து யாரும் வந்து அவிழ்க்கவில்லை.

அறிக்கை வெளியானபோது சின்னதாக ஒரு விழா நடந்தது. காலனி மக்கள் புதிய தொழில்நுட்பத்துக்கு முழுமையாகத் தயாராக இருக்கிறார்கள் என்று வாசித்தார்கள். ஒத்துழைக்காத வீடு ஒன்றே ஒன்று என்றும் வாசித்தார்கள். அந்தத் தையல்காரப் பெண் அப்போது கூட்டத்திலேயே இல்லை, வீட்டில் துணி வெட்டிக்கொண்டிருந்திருப்பாள். முன்மாதிரிக் காலனி என்ற சான்றிதழைச் சங்கத் தலைவர் மேடையேறி வாங்கிக்கொண்டார். கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை அங்கேயே உரித்து மேடைக்குப் பின்னால் போட்டார். நான் குனிந்து எடுக்கவில்லை. எழுந்து நின்று அவர்கள் எழுதியது பொய் என்று சொல்லவும் இல்லை. எனக்கு அதற்கான தகுதி போயிருந்தது, தைரியம் முன்பே இல்லை.

கேமரா இல்லாத பழைய வண்டி மறுபடி காலனிக்கு வந்தது. எல்லோரும் ஒரே கவருக்குத் திரும்பினார்கள். தாள் விரிக்கிற வேலை மிச்சம். அக்காவும் வேலைக்குத் திரும்பினார், விரலில் ஒன்றும் தெரியவில்லை. முதல் நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. நான் அன்றைக்கு இரண்டு வாளியிலும் ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தேன். ஊசி பாட்டில் தனியாக. நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"கீழ கொட்டுங்க டீச்சர்" என்றார்.

அவர் வண்டியிலிருந்து ஒரு உரச்சாக்கை எடுத்து ரோட்டில் விரித்தார். "இதுல கொட்டிப் பரத்திக் காட்டுங்க. பாத்துட்டு எடுத்துக்கிடுதேன்."

கொட்டினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெங்காயத் தோலையும் முருங்கைக்காய்ச் சக்கையையும் கையால் பரப்பினேன். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் வாசலில் நின்று பார்த்தார்கள். அன்றோடு முடியவில்லை. மறுநாளும் சாக்கை விரித்தார், அதற்கு மறுநாளும். மற்ற எந்த வீட்டிலும் அவர் இதைக் கேட்டதில்லை. அவர்களிடமிருந்து அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒருநாள் சங்கத் தலைவர் நடைப்பயிற்சிக்குப் போகிற வழியில் நின்று, இது என்ன புதுத் திட்டமா என்று கேட்டார்.

"ஆமா சார், அடுத்து ஒங்க வீடுதான்" என்றார் அக்கா.

அவர் நடையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போனார். அக்கா ஒரு குச்சியால் என் குப்பையைக் கிளறினார், ஓரத்திலிருந்து நடுவுக்கு, அவசரமில்லாமல். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.